பச்சிளங் குழந்தைகளின் பித்தத்தேக்கம்

பச்சிளங் குழந்தைகளின் பித்தத்தேக்கம் என்பது, பிறந்த முதல் சில வாரங்களில் பித்தநீர் கல்லீரலிலிருந்து குடலுக்குச் செல்வது தடைபடுவதாலோ குறைவதாலோ ஏற்படும் நிலையாகும். கண்களும் தோலும் மஞ்சளாதல் இதன் முதல் வெளித்தோற்றமாகும். இது தனியொரு நோயன்று. கல்லீரலையோ பித்தநாளங்களையோ தாக்கும் பல நோய்களின் பொதுவான வெளிப்பாடாகும். ஏறத்தாழ 2,500 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இது காணப்படுகிறது.

பிறந்த குழந்தைகளுள் பெரும்பாலானோருக்குத் தோன்றித் தானே மறையும் இயல்பான மஞ்சள் காமாலையிலிருந்து பித்தத்தேக்கம் அடிப்படையில் வேறுபட்டது. இயல்பான காமாலையில் கல்லீரலுக்குக் காயம் இல்லை. பித்தத்தேக்கத்திலோ கல்லீரல் ஏற்கனவே காயமடைந்துள்ளது அல்லது காயமடைந்துகொண்டிருக்கிறது. வெளித்தோற்றத்தில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் பித்தத்தேக்கம் காலந்தாழ்த்திக் கண்டறியப்படுவதுண்டு. இதன் காரணங்களுள் முதன்மையானதாகிய பித்தநாளத் துளையின்மையில், அறுவை சிகிச்சை நடைபெறும்போது குழந்தைக்கு எத்தனை நாள் அகவை என்பது குழந்தை தன் சொந்தக் கல்லீரலுடன் வாழுமா என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது. ஆகவே இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மஞ்சள் காமாலையை ஓர் எளிய குருதிச் சோதனையால் வகைப்படுத்துவது இன்றியமையாதது ஆகும்.

பிலிருபினும் பித்தநீரும்

முதிர்ந்த செங்குருதியணுக்கள் சிதையும்போது அவற்றிலுள்ள ஈமோகுளோபினிலிருந்து பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. இது நீரில் கரையாதது. அல்புமின் என்னும் குருதிப் புரதத்துடன் ஒட்டிக்கொண்டு கல்லீரலை அடைகிறது. அங்குக் குளுக்கியூரோனிக் அமிலத்துடன் இணைக்கப்பட்டு நீரில் கரையும் பொருளாக மாறுகிறது. இணைக்கப்படுவதற்கு முந்தையது இணைவுறாத பிலிருபின் எனவும், பிந்தையது இணைவுற்ற பிலிருபின் எனவும் அழைக்கப்படும். ஆய்வுக்கூட அறிக்கைகளில் இவை முறையே மறைமுக பிலிருபின், நேரடி பிலிருபின் என்னும் பெயர்களில் குறிக்கப்படுகின்றன.

இணைவுற்ற பிலிருபின் பித்தநீருடன் கலந்து பித்தநாளங்கள் வழியாகச் சிறுகுடலை அடைகிறது. குடலிலுள்ள நுண்ணுயிரிகள் அதனை மேலும் மாற்றுகின்றன. மலத்தின் இயல்பான நிறம் இதனாலேயே உண்டாகிறது. பித்தநீரிலுள்ள பித்த அமிலங்கள் கொழுப்பையும், கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்துகளான ஏ, டி, ஈ, கே ஆகியவற்றையும் உடல் உறிஞ்சிக்கொள்ள உதவுகின்றன. எனவே பித்தநீர் குடலை அடையாவிடின் மூன்று விளைவுகள் ஏற்படும். இணைவுற்ற பிலிருபின் குருதியில் மிகும், மலம் நிறமிழக்கும், கொழுப்பும் இவ்வுயிர்ச்சத்துகளும் உடலிற் சேரா.

இயல்பான மஞ்சள் காமாலை

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கும், குறைமாதத்தில் பிறந்தோருள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் காமாலை தோன்றுகிறது. பிறந்த குழந்தையின் உடலில் செங்குருதியணுக்கள் மிகுதியாக இருத்தல், அவற்றின் வாழ்நாள் குறைவாக இருத்தல், பிலிருபினை இணைக்கும் கல்லீரல் நொதி முழுத் திறனை அடையாதிருத்தல், குடலிலிருந்து பிலிருபின் மீண்டும் உறிஞ்சப்படுதல் ஆகியவை இதற்குக் காரணங்களாகும். இங்கு மிகுவது இணைவுறாத பிலிருபினே. இது வழக்கமாக இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் தோன்றி, நிறைமாதக் குழந்தைகளில் இரண்டு வாரங்களுக்குள் மறைகிறது.

தாய்ப்பால் மட்டுமே அருந்தும் நலமான குழந்தைகள் சிலரிடம் இணைவுறாத பிலிருபின் மிகுதி பல வாரங்கள் நீடிக்கலாம். இது தாய்ப்பால் காமாலை எனப்படும். இதனால் தீங்கில்லை, தாய்ப்பாலை நிறுத்தவும் தேவையில்லை.

இணைவுறாத பிலிருபினும் எல்லா வேளைகளிலும் தீங்கற்றது அன்று. தாய்க்கும் குழந்தைக்கும் குருதி வகை ஒவ்வாமை, ஜி6பிடி நொதிக் குறைபாடு போன்றவற்றால் அது மிக உயர்ந்தால் மூளையினுட் புகுந்து நிலையான பாதிப்பை ஏற்படுத்தும். இதனைத் தடுக்கவே ஒளிச்சிகிச்சையும், தேவைப்படின் குருதி மாற்றீடும் செய்யப்படுகின்றன. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தோன்றும் மஞ்சள் காமாலை எப்போதும் நோய்நிலையாகவே கருதப்படும். ஆயினும் இவை கல்லீரல் நோய்கள் அல்ல. இக்கட்டுரையின் பொருள் இணைவுற்ற பிலிருபின் மிகும் நிலையே ஆகும்.

அறிகுறிகள்

பித்தத்தேக்கத்தை உணர்த்தும் அறிகுறிகள் வருமாறு:

- நீடித்த மஞ்சள் நிறம்: இரண்டு வாரங்களைக் கடந்தும் கண்ணின் வெண்பகுதி மஞ்சளாக இருத்தல். முதல் வாரத்து இயல்பான காமாலை மறைந்த பின்னர் மீண்டும் தோன்றுவதும் உண்டு.
- வெளிறிய மலம்: மலம் வெண்மையாகவோ, சாம்பல் நிறமாகவோ, களிமண் போன்றோ, மிக வெளிறிய மஞ்சளாகவோ இருத்தல். தாய்ப்பால் அருந்தும் குழந்தையின் இயல்பான மலம் கடுகு மஞ்சள் நிறமுடையது. பச்சை நிற மலமும் பித்தநீர் குடலை அடைவதையே காட்டுகிறது.
- அடர்நிறச் சிறுநீர்: பச்சிளங் குழந்தையின் சிறுநீர் ஏறத்தாழ நிறமற்றது. அது அணையாடையில் மஞ்சட் கறையை உண்டாக்கினால், நீரில் கரையும் இணைவுற்ற பிலிருபின் சிறுநீரில் வெளியேறுகிறது என்று பொருள்.
- கல்லீரல் பெருத்துக் கடினமாதல். பின்னர் மண்ணீரலும் பெருத்தல்.
- கொப்பூழ், மூக்கு, ஊசி குத்திய இடம் ஆகியவற்றிலிருந்து குருதி கசிதல். எளிதில் தோலில் கன்றுதல். இவை உயிர்ச்சத்து கே குறைவால் ஏற்படுகின்றன.

பித்தநாளத் துளையின்மை உடைய குழந்தை முதல் வாரங்களில் நன்கு பால் குடித்து, எடை கூடி, நலமாகவே தோன்றும். மலத்தின் நிறம் முதலில் இயல்பாக இருந்து படிப்படியாக வெளிறுவதும் உண்டு. இதனால் பெற்றோரும் மருத்துவரும் இதனைத் தாய்ப்பால் காமாலை எனக் கருதிக் காத்திருக்க நேர்கிறது. சில குழந்தைகளில் மூளையினுள் ஏற்படும் குருதிப்பெருக்கே நோயின் முதல் அடையாளமாக அமைந்துவிடுகிறது.

காரணங்கள்

பித்தநாளத் துளையின்மை

கல்லீரலுக்கு வெளியேயுள்ள பித்தநாளங்கள் அழற்சியுற்று, நார்த்திசுவாக மாறி, துளை மூடிப்போவது பித்தநாளத் துளையின்மை ஆகும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவிலும், தாய்வான் போன்ற கிழக்காசிய நாடுகளில் இதனினும் மிகுதியாகவும் காணப்படுகிறது. உலகெங்கும் குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை தேவைப்படுவதற்கு மிக முதன்மையான காரணம் இதுவே.

அடைப்பு எங்குள்ளது என்பதைக் கொண்டு இது மூன்று வகைப்படும். பொதுப் பித்தநாளத்தில் மட்டும் அடைப்புள்ளது முதல் வகை. கல்லீரல் நாளம் வரை பரவியது இரண்டாம் வகை. கல்லீரலின் வாயில் வரை நாளங்கள் முழுதும் அடைபட்டது மூன்றாம் வகை. நோயுற்ற குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் மூன்றாம் வகையினர். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பல மண்ணீரல்கள், உள்ளுறுப்புகள் இடம் மாறியிருத்தல், இதயக் குறைபாடுகள் ஆகியவையும் உடன் காணப்படுகின்றன.

இந்நோய்க்கான முதற்காரணம் உறுதியாக நிறுவப்படவில்லை. கருவளர்ச்சிக் கோளாறு, தீநுண்மத் தொற்று, அதனைத் தொடரும் நோயெதிர்ப்புத் தாக்கம், நச்சுப்பொருள் எனப் பல கருதுகோள்கள் உள்ளன. ஆசுத்திரேலியாவில் வறட்சிக் காலங்களில், நீர்த்தேக்கங்களின் வற்றிய படுகையில் முளைத்த செடிகளைச் சினை ஆடுகள் மேய்ந்தபோது, அவை ஈன்ற குட்டிகள் இதையொத்த நோயுடன் பிறந்தன. இச்செடிகளிலிருந்து பிலியாட்ரசோன் என்னும் நச்சுப்பொருள் பிரித்தறியப்பட்டு 2015 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. மனிதரில் இந்நச்சு நோயை ஏற்படுத்துவதாகச் சான்று இல்லை. ஆயினும் கருவிலுள்ள பித்தநாளத்தை மட்டும் குறிவைத்துத் தாக்கும் பொருள்கள் இருக்கக்கூடும் என்பதை இது காட்டியது. பித்தநாளத் துளையின்மை பொதுவாகப் பரம்பரை நோயன்று. தாயின் உணவோ நடத்தையோ இதற்குக் காரணம் எனக் காட்டப்படவும் இல்லை.

தொற்றுகள்

சைட்டோமெகலோ தீநுண்மம், ருபெல்லா, அக்கி தீநுண்மம், டாக்சோபிளாசுமா, கிரந்தி நோய் ஆகியவை தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவிக் கல்லீரல் அழற்சியை ஏற்படுத்தலாம். குருதியிலோ சிறுநீர்ப் பாதையிலோ ஏற்படும் பாக்டீரியாத் தொற்றும் கல்லீரலை நேரடியாகத் தாக்காமலேயே பித்தத்தேக்கத்தை உண்டாக்கும். கல்லீரல் அழற்சி பி தீநுண்மம் பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றினாலும் அப்பருவத்தில் மஞ்சள் காமாலையை ஏற்படுத்துவது அரிது. ஆனால் அவ்வாறு தொற்றிய குழந்தைகளுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரிடம் அது நாட்பட்ட தொற்றாக நிலைத்துவிடும் என்பதால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி இடப்படுகிறது.

வளர்சிதைமாற்ற நோய்களும் மரபணு நோய்களும்

- காலக்டோசு மிகைநோய்: பாலிலுள்ள காலக்டோசைப் பயன்படுத்தத் தேவையான நொதி இன்மையால் ஏற்படுவது. பால் குடிக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே வாந்தி, மஞ்சள் காமாலை, கல்லீரற் செயலிழப்பு, கண்புரை ஆகியவை தோன்றும். காலக்டோசு உள்ள பாலை உடனே நிறுத்துவதே சிகிச்சை. தாய்ப்பாலை நிறுத்த வேண்டிய மிகச் சில நோய்களுள் இதுவும் ஒன்று.
- டைரோசின் மிகைநோய் முதல் வகை: டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின் சிதைவுப் பொருள்கள் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்குவது. 1992 ஆம் ஆண்டில் நிட்டிசினோன் என்னும் மருந்து இதற்குப் பயன்படுவது அறிவிக்கப்பட்ட பின்னர் இந்நோயினரின் வாழ்நாள் பெரிதும் நீண்டது.
- ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் குறைபாடு: வடிவம் பிறழ்ந்த புரதம் கல்லீரல் உயிரணுக்களில் தேங்குவது. ஐரோப்பிய வழியினரிடம் மிகுதி.
- சிட்ரின் குறைபாடு: கிழக்காசிய மக்களிடம் மிகுதியாகக் காணப்படுவது. பெரும்பாலும் உணவு மாற்றத்தால் முதல் ஆண்டிலேயே சீராகும்.
- அலசில் கூட்டறிகுறி: கல்லீரலுக்குள் பித்தநாளங்கள் எண்ணிக்கையிற் குறைந்திருத்தல். இதய நாளக் குறுக்கம், பட்டாம்பூச்சி வடிவ முள்ளெலும்புகள், தனித்தன்மையான முகத்தோற்றம் ஆகியவை உடன் காணப்படும். பிரெஞ்சு மருத்துவர் டேனியல் அலசில் பெயரால் அழைக்கப்படுகிறது.
- முற்போக்குக் குடும்பவழிப் பித்தத்தேக்கம்: பித்த அமிலங்களையும் கொழுப்புப் பொருள்களையும் கல்லீரல் உயிரணுவிலிருந்து வெளியேற்றும் கடத்திப் புரதங்களின் மரபணுக் குறைபாடு. கடும் அரிப்பு இதன் முதன்மை அறிகுறி. நெருங்கிய உறவில் மணம் புரிந்தோரின் குழந்தைகளில் இதுபோன்ற ஒடுங்கிய மரபுவழி நோய்கள் தோன்றும் வாய்ப்பு மிகுதி.

பிற காரணங்கள்

தைராய்டுச் சுரப்புக் குறைவும், கபச் சுரப்பியின் குறைபாடும் பித்தத்தேக்கமாக வெளிப்படலாம். குடற் செயலிழப்பால் வாய்வழி உணவின்றி நீண்டகாலம் சிரைவழி ஊட்டம் பெறும் குறைமாதக் குழந்தைகளிலும் இது தோன்றும். ஊட்டக் கரைசலிலுள்ள கொழுப்பின் வகையும் அளவும் இதிற் பங்கு கொள்கின்றன. தாயின் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகச் சென்று கருவின் கல்லீரலைத் தாக்கும் நிலையும் உண்டு. முற்காலத்தில் பச்சிளங் குழந்தை இரும்புத் தேக்கநோய் என அழைக்கப்பட்ட பெரும்பாலான நேர்வுகள் இவ்வகையினவே என இன்று அறியப்பட்டுள்ளது. அடுத்த கருவுறுதலின்போது தாய்க்குச் சிரைவழி இம்யூனோகுளோபுலின் செலுத்துவதால் இது மீண்டும் நேராமல் பெரும்பாலும் தடுக்க முடிகிறது.

இக்காரணங்களுள் எதுவும் கண்டறியப்படாத நிலை, காரணமறியாப் பச்சிளங் குழந்தைக் கல்லீரல் அழற்சி எனப்படும். மரபணுச் சோதனைகள் வளர்ந்த பின்னர் இப்பிரிவில் வைக்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்து வருகிறது.

கல்லீரல் காயமடையும் முறை

பித்த அமிலங்கள் கொழுப்பைக் கரைக்கும் தன்மை உடையவை. குடலில் செரிமானத்துக்கு உதவும் இத்தன்மையே, அவை கல்லீரலுக்குள் தேங்கும்போது தீங்காக மாறுகிறது. உயிரணுக்களின் மென்சவ்வுகள் சிதைகின்றன, உயிரணுக்கள் இறக்கின்றன, அழற்சி தோன்றுகிறது. காயத்தை ஆற்றும் முயற்சியில் நார்த்திசு உண்டாகிறது. தேக்கம் நீங்காதபோது இந்நார்த்திசு கல்லீரல் முழுதும் பரவி, இழைநார் வளர்ச்சி என்னும் மீளா நிலையை ஏற்படுத்துகிறது.

நாட்பட்ட கல்லீரல் நோயில் பெரியோருக்கு இந்நிலை ஏற்படப் பல ஆண்டுகள் ஆகும். பித்தநாளத் துளையின்மை உடைய குழந்தையிலோ இது சில மாதங்களிலேயே ஏற்பட்டுவிடுகிறது. நார்த்திசு மிகும்போது வாயிற்சிரையில் அழுத்தம் உயர்கிறது, மண்ணீரல் பெருக்கிறது, வயிற்றில் நீர் கோக்கிறது, உணவுக்குழாயின் சிரைகள் புடைத்து வெடித்துக் குருதி பெருகக்கூடும். சிகிச்சையின்றி விடப்பட்ட குழந்தைகளுள் பெரும்பாலோர் இரண்டு அகவைக்குள் இறக்கின்றனர்.

நோயறிதல்

தொடக்கச் சோதனை, குருதியில் மொத்த பிலிருபினையும் நேரடி பிலிருபினையும் தனித்தனியே அளப்பதாகும். மொத்த அளவை மட்டும் பார்ப்பது போதாது. தோலின் மீது வைத்து அளக்கும் கருவியும் இவ்விரு வகைகளையும் பிரித்துக் காட்டாது. வட அமெரிக்க, ஐரோப்பியக் குழந்தை இரையகக் குடலியல் சங்கங்கள் 2017 ஆம் ஆண்டில் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வார அகவையிலும் மஞ்சளாக உள்ள குழந்தைக்கு இச்சோதனை கருதப்பட வேண்டும். நேரடி பிலிருபின் ஒரு டெசிலீட்டருக்கு 1 மில்லிகிராமைக் கடந்தால் அது இயல்பன்று. மேலும் ஆராயப்பட வேண்டும்.

பித்தத்தேக்கம் உறுதியானபின், காலந்தாழ்த்தாது சிகிச்சை அளிக்க வேண்டிய நோய்கள் முதலில் தேடப்படும். பாக்டீரியாத் தொற்று, காலக்டோசு மிகைநோய், டைரோசின் மிகைநோய், சுரப்பிக் குறைபாடுகள் ஆகியவை இவற்றுள் அடங்கும். குருதி உறைதல் நேரமும் உடன் அளக்கப்பட்டு, தேவையாயின் உயிர்ச்சத்து கே ஊசி மூலம் செலுத்தப்படும்.

பித்தநாளத் துளையின்மையைக் கண்டறியப் பின்வரும் சோதனைகள் பயன்படுகின்றன:

- மீயொலிச் சோதனை: சில மணி நேரம் பால் கொடாதிருந்தபின் செய்யப்படும். பித்தப்பை காணப்படாமை அல்லது மிகச் சிறுத்திருத்தல், கல்லீரல் வாயிலில் முக்கோண வடிவ நார்த்திசு தெரிதல் ஆகியவை ஐயத்தை வலுப்படுத்தும். பித்தப்பை காணப்படுவதால் மட்டும் இந்நோய் இல்லை எனக் கொள்ள முடியாது.
- கதிரியக்க ஓரிடத்தான் படம்: குருதியிற் செலுத்தப்பட்ட பொருள் 24 மணி நேரத்துக்குள் குடலை அடைந்தால் இந்நோய் இல்லை எனக் கொள்ளலாம். அடையாவிடினும் நோய் உறுதியாவதில்லை.
- கல்லீரல் திசு ஆய்வு: சிறு பித்தநாளங்கள் பெருகியிருத்தல், அவற்றில் பித்தக் கட்டிகள் அடைத்திருத்தல், நார்த்திசுப் பெருக்கம் ஆகியவை காணப்படும்.
- அறுவையின்போது எடுக்கப்படும் பித்தநாளக் கதிர்ப்படம்: நிறப்பொருளைப் பித்தப்பையிற் செலுத்திப் படம் எடுத்தல். நோயை உறுதி செய்யும் இறுதிச் சோதனை இதுவே.

மலநிற அட்டையும் முன்கண்டறிதலும்

மலத்தின் நிறமே பெற்றோர் தாமே காணக்கூடிய அடையாளம் என்பதால், அதனை வைத்து நோயை முன்னதாகக் கண்டறியும் முயற்சி சப்பானில் தோன்றியது. இயல்பான நிறங்களும் வெளிறிய நிறங்களும் அச்சிடப்பட்ட அட்டை பெற்றோரிடம் கொடுக்கப்படும். அவர்கள் குழந்தையின் மலத்தை அட்டையுடன் ஒப்பிட்டு, வெளிறிய நிறம் காணின் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். 1990களில் தொச்சிகி மாகாணத்தில் இம்முறை நடைமுறைக்கு வந்தது.

தாய்வான் 2004 ஆம் ஆண்டில் இவ்வட்டையை நாடு முழுவதற்கும் உரியதாக்கி, ஒவ்வொரு குழந்தைக்கும் வழங்கப்படும் நலக் கையேட்டில் சேர்த்தது. அதற்கு முன்னர் நோயுற்ற குழந்தைகளுள் ஏறத்தாழ பாதிப்பேரே 60 நாட்களுக்குள் அறுவை சிகிச்சை பெற்றனர். அட்டை வந்தபின் இது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்தது. மஞ்சள் காமாலை நீங்கிச் சொந்தக் கல்லீரலுடன் வாழ்வோரின் விழுக்காடும் உடன் உயர்ந்தது. விலையுயர்ந்த கருவியோ மருந்தோ இன்றி, அச்சிட்ட தாள் ஒன்றினாலேயே இம்மாற்றம் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. சப்பானும் 2012 ஆம் ஆண்டில் இதனை நாடு முழுவதும் தாய்சேய் நலக் கையேட்டில் சேர்த்தது.

இந்நோயுடைய குழந்தைகளுக்குப் பிறந்த ஓரிரு நாட்களிலேயே நேரடி பிலிருபின் இயல்பைவிட உயர்ந்திருப்பது பின்னர் அறியப்பட்டது. இதன் அடிப்படையில் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் ஏறத்தாழ 1,24,000 குழந்தைகளிடம் இரு கட்டங்களாக நடத்தப்பட்ட குருதிச் சோதனை ஆய்வு 2020 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நோயுற்ற ஏழு குழந்தைகளும் அச்சோதனையாற் கண்டறியப்பட்டனர்.

சிகிச்சை

பொதுவான பேணுகை

பித்தநீர் இன்றியும் உறிஞ்சப்படக்கூடிய நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு உணவிற் சேர்க்கப்படுகிறது. உயிர்ச்சத்துகள் ஏ, டி, ஈ, கே ஆகியவை மிகுந்த அளவில் கொடுக்கப்படுகின்றன. பித்த ஓட்டத்தைத் தூண்ட அர்சோடியாக்சிகோலிக் அமிலம் பயன்படுத்தப்படுகிறது. அலசில் கூட்டறிகுறியிலும் குடும்பவழிப் பித்தத்தேக்கத்திலும் ஏற்படும் அரிப்பைக் குறைக்க, குடலில் பித்த அமிலம் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் மராலிக்சிபாட், ஓடெவிக்சிபாட் ஆகிய மருந்துகள் 2021 ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டுக்கு வந்துள்ளன.

ஒளிச்சிகிச்சை இணைவுறாத பிலிருபினை மாற்றியே செயற்படுகிறது. பித்தத்தேக்கத்துக்கு அது மருந்தன்று. பித்தத்தேக்கம் உடைய குழந்தைக்கு ஒளிச்சிகிச்சை அளித்தால் தோல் வெண்கல நிறமாக மாறுவதும் உண்டு.

காசாய் அறுவை சிகிச்சை

பித்தநாளத் துளையின்மைக்குரிய முதற் சிகிச்சை காசாய் அறுவை ஆகும். நார்த்திசுவாக மாறிய பித்தநாளங்கள் முற்றிலும் அகற்றப்பட்டு, கல்லீரலின் வாயிற்பகுதி வெட்டித் திறக்கப்படுகிறது. அங்குள்ள நுண்ணிய நாளங்களிலிருந்து கசியும் பித்தநீரைப் பெறுமாறு இடைச்சிறுகுடலின் வளையம் ஒன்று நேராகக் கல்லீரலுடன் தைக்கப்படுகிறது.

அகவை கூடக்கூட இந்நுண்ணிய நாளங்களும் மறைந்து விடுவதால் வெற்றிவாய்ப்பு குறைகிறது. 60 நாட்களுக்குள் செய்யப்படின் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளில் பித்தநீர் ஓடத் தொடங்குகிறது. 90 நாட்களைக் கடந்தபின் இவ்வாய்ப்பு மிகவும் குன்றுகிறது. 30 முதல் 45 நாட்களுக்குள் செய்யப்படின் பயன் மேலும் மிகுதி என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. அறுவைக்குப் பின் மூன்று மாதங்களில் பிலிருபின் அளவு இயல்புக்கு அருகில் வருவது நல்ல அடையாளம்.

குடல் நேராகக் கல்லீரலுடன் இணைக்கப்படுவதால் குடல் நுண்ணுயிரிகள் மேலேறிப் பித்தநாள அழற்சியை ஏற்படுத்தலாம். எனவே அறுவை செய்துகொண்ட குழந்தைக்குக் காய்ச்சலோ, மீண்டும் மஞ்சள் காமாலையோ, வெளிறிய மலமோ தோன்றின் உடனடி மருத்துவம் தேவை.

கல்லீரல் மாற்று

காசாய் அறுவை பயன்தராதபோதும், பின்னாளில் கல்லீரல் செயலிழக்கும்போதும் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை செய்யப்படுகிறது. பெற்றோருள் ஒருவரின் இடப்பக்கக் கல்லீரற் பகுதியே சிறு குழந்தைக்குப் போதுமானது. கொடையாளரின் கல்லீரல் சில வாரங்களில் மீண்டும் வளர்ந்து ஏறத்தாழ முன்னைய அளவை அடைகிறது. மாற்றுக் கல்லீரல் பெற்றவர் உடல் அதனை ஒதுக்காதிருக்க நோயெதிர்ப்புத் தணிப்பு மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும்.

வரலாறு

எடின்பரோவைச் சேர்ந்த மருத்துவர் சான் தாம்சன் 1890களின் தொடக்கத்தில் இந்நோயுடைய ஏறத்தாழ ஐம்பது குழந்தைகளைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்து, நோய் படிப்படியாக முற்றும் தன்மையை விளக்கினார். 1916 ஆம் ஆண்டில் ஓம்சு என்பவர் இதனைச் சரிசெய்யக்கூடியது, சரிசெய்ய இயலாதது என இரண்டாகப் பிரித்தார். 1928 ஆம் ஆண்டில் பாசுடன் நகர அறுவை மருத்துவர் வில்லியம் லாட் முதல் வகையினருள் சிலருக்கு வெற்றிகரமாக அறுவை செய்ததை வெளியிட்டார். பெரும்பாலான குழந்தைகள் அடங்கிய இரண்டாம் பிரிவினருக்கு வழியேதும் இல்லை.

சப்பானின் செந்தாய் நகரிலுள்ள தொகோக்கு பல்கலைக்கழகத்தில் மோரியோ காசாய் (1922–2008) 1955 ஆம் ஆண்டில் 72 நாள் அகவையுடைய இத்தகைய குழந்தை ஒன்றுக்கு அறுவை செய்தார். கல்லீரல் வாயிலில் ஏற்பட்ட குருதிப்பெருக்கை நிறுத்தும் பொருட்டு முன்சிறுகுடலை அவ்விடத்தில் வைத்துத் தைத்தார். பின்னர் அக்குழந்தையின் மலத்தில் பித்தநீர் காணப்பட்டது. இதிலிருந்து உருவான முறை 1959 ஆம் ஆண்டில் சப்பானிய மொழியிலும் 1968 ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் வெளியாயிற்று. மேலைநாடுகளில் இதனை ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின.

1963 ஆம் ஆண்டு மார்ச்சு 1 அன்று தாமசு சுடார்சில் அமெரிக்காவின் டென்வர் நகரில் செய்த, மனிதரில் முதலாவது கல்லீரல் மாற்று அறுவையும் பித்தநாளத் துளையின்மை உடைய மூன்று அகவைக் குழந்தை ஒன்றுக்கே செய்யப்பட்டது. குழந்தை அறுவையின்போதே இறந்தது. 1980களில் சைக்குளோசுபோரின் மருந்து பரவலான பின்னரே இச்சிகிச்சை நிலைபெற்றது. 1989 ஆம் ஆண்டில் ஆசுத்திரேலியாவின் பிரிசுபேன் நகரில் ரசல் சுட்ராங் தாயின் கல்லீரற் பகுதியை அவருடைய குழந்தைக்குப் பொருத்தியது, உயிருள்ளோர் கொடையில் வெற்றி பெற்ற முதல் நிகழ்வாகும். இந்தியாவில் குழந்தைக்கான முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று 1998 ஆம் ஆண்டு நவம்பரில் தில்லியில் நிகழ்ந்தது. பித்தநாளத் துளையின்மை உடைய 20 மாதத் தமிழ்நாட்டுக் குழந்தைக்கு அதன் தந்தை கல்லீரற் பகுதியைக் கொடையளித்தார்.

மரபுவழிப் பழக்கங்கள்

பிறந்த குழந்தை மஞ்சளாக இருப்பின் இளவெயிலில் காட்டுவது தமிழரிடையே பரவலான பழக்கம். சூரிய ஒளியிலுள்ள நீல ஒளி இணைவுறாத பிலிருபினை ஓரளவு மாற்றவல்லது. எனினும் இணைவுற்ற பிலிருபின் மிகுந்த நிலையில் அதனாற் பயனில்லை. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுக்கும் வழக்கமும் உண்டு. முற்றிலும் அடைபட்டு நார்த்திசுவாகிவிட்ட பித்தநாளத்தை எவ்வகை மருந்தும் திறப்பதில்லை. இயல்பான காமாலை தானே மறைவதால், அப்போது செய்யப்பட்ட எதுவும் பயனளித்ததாகத் தோன்றுவது இயற்கை. அந்நம்பிக்கையில் பித்தத்தேக்கம் உடைய குழந்தைக்கும் சில வாரங்கள் காத்திருப்பது, அறுவைக்குரிய காலம் கடந்துபோகக் காரணமாகிறது.

நோயின் போக்கு

பித்தத்தேக்கத்தின் முடிவு அதன் காரணத்தைப் பொறுத்தது. தொற்றுகளாலும் சுரப்பிக் குறைபாடுகளாலும் ஏற்படுவது உரிய சிகிச்சையால் பெரும்பாலும் நீங்கும். காரணமறியாக் கல்லீரல் அழற்சியும் பல குழந்தைகளில் சில மாதங்களில் தானே சீராகிறது. பித்தநாளத் துளையின்மையில், காசாய் அறுவைக்குப் பின்னும் பலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே கல்லீரல் மாற்று தேவைப்படுகிறது. எனினும் ஒரு பகுதியினர் இருபது ஆண்டுகளுக்கு மேலும் சொந்தக் கல்லீரலுடன் வாழ்ந்து, கல்வி, பணி, மகப்பேறு ஆகியவற்றை எய்தியுள்ளனர். கல்லீரல் மாற்றுப் பெற்ற குழந்தைகளுள் பட்டறிவு மிக்க மருத்துவமனைகளில் பத்தில் ஒன்பது பேர் அளவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்கின்றனர். காசாய் அறுவை கல்லீரல் மாற்றை முற்றிலும் தவிர்க்காத குழந்தைகளிலும், அதனைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடுவதால் குழந்தை வளர்ந்து எடைகூடி, மாற்று அறுவையைத் தாங்கும் வலிமை பெறுகிறது.